சீஷராக வளர என்ன செய்ய வேண்டும்: விடிய ஜெபத்திலிருந்து வேலிப் பிரச்சினை வரை

திடப்படுத்தல் ஆராதனை முடிந்து, வெள்ளை உடுப்போடு படம் எடுத்து, வீட்டில் சாப்பாடும் நடந்து, அடுத்த ஞாயிறு வந்தவுடன் பல பிள்ளைகளுக்கு மனதில் ஒரு கேள்வி எழும்பும். வகுப்பு முடிந்துவிட்டது, விசுவாசப் பிரமாணமும் பத்துக் கட்டளையும் பாடம், திருவிருந்தும் எடுக்கலாம். சரி, இனி என்ன? வயது வந்தவர்களுக்கும் இதே கேள்விதான், வேறு மாதிரி வரும்: இத்தனை வருடமாகக் கோயிலுக்குப் போகிறேன், நான் உண்மையிலேயே மாறியிருக்கிறேனா?

இந்த இரண்டு பேருக்கும்தான் இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் நீங்கள் தென்னிந்தியத் திருச்சபையாக இருக்கலாம், மெதடிஸ்ட், அங்கிலிக்கன், கத்தோலிக்கர், ஒழுங்கைக்குள் ஒரு வீட்டில் கூடும் சிறிய சபையாகவும் இருக்கலாம். வித்தியாசங்கள் இருக்கின்றன, அவை முக்கியமும்கூட. ஆனால் இங்கே சொல்லப்போவது எல்லோருக்கும் பொதுவானது.

முதலில் சீஷராக, அதாவது இயேசுவைப் பின்பற்றுகிறவராக, வளர்ச்சி என்றால் என்ன என்று விளங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிழையான இடத்தில் அதைத் தேடிக்கொண்டிருப்போம். கன்வென்ஷன் கூட்டத்தில் அழுகை வந்தால் வளர்ந்துவிட்டோம் என்று நினைக்கிறோம், உபவாசம் இருந்தால், முழு இரவு ஜெபத்தில் விடியும்வரை கண் விழித்தால் வளர்ந்துவிட்டோம் என்று நினைக்கிறோம். இவை நல்ல காரியங்கள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் ஆவியின் கனி என்று ஒன்பது குணங்களைச் சொல்கிறார்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். இவற்றில் பெரும்பாலானவை இன்னொரு மனிதர் பக்கத்தில் இருந்தால்தான் வெளியே தெரியும். தனியாக அறைக்குள் இருந்துகொண்டு யாரும் நீடிய பொறுமையைக் காட்ட முடியாது. ஆகவே உங்கள் வளர்ச்சி உங்களுக்கு முதல் உங்கள் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். மின்சாரம் நின்ற நேரம், சோறு குழைந்த நேரம், பிள்ளை சோதனையில் குறைந்த புள்ளி எடுத்த நேரம் நீங்கள் எப்படிக் கதைக்கிறீர்கள் என்பதை அவர்கள் அல்லவா கேட்கிறார்கள்.

இன்னொன்று, இது மெதுவாக நடக்கும் காரியம். பன்னிரண்டு பேர் ஆண்டவரோடேயே நடந்து, சாப்பிட்டு, படுத்தெழும்பியவர்கள். அப்படி இருந்தும் கடைசி இராப்போஜனப் பந்தியில்கூடத் தங்களுக்குள் யார் பெரியவன் என்று வாக்குவாதப்பட்டார்கள் என்று லூக்கா எழுதி வைத்திருக்கிறார். அவர்களையே ஆண்டவர் தள்ளிவிடவில்லை.

வேதத்தை எப்படி வாசிப்பது

மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள். நான்கிலும் சிறியது, 16 அதிகாரம்தான். ஆதியாகமத்தில் தொடங்கி லேவியராகமத்தில் நின்றுபோனவர்களை எல்லாச் சபையிலும் காணலாம், அதனால்தான் சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும்: ஒரு குருடன் பார்வையடைகிறான், ஒரு புயல் அமருகிறது, அவ்வளவு. இரண்டு தரம் வாசியுங்கள், ஒரு தரமாவது வாய்விட்டு. பிறகு ஒரே ஒரு கேள்வி: இதைக் கேட்ட நான் இன்று என்ன செய்ய வேண்டும்? என்ன உணர்ந்தேன் என்பதல்ல, என்ன செய்ய வேண்டும் என்பதுதான். யாக்கோபு, திருவசனத்தைக் கேட்கிறவர்களாய் மாத்திரமல்ல, செய்கிறவர்களாயும் இருங்கள் என்று சொன்னது இதைத்தான். பதிலை ஒரு கொப்பியில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். "மாமிக்குப் போன் எடுக்க வேண்டும்", "கடைக்காரர் கூடுதலாகத் தந்த மிச்சக் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்". இப்படிச் சின்னதாக, அன்று பொழுதுபடுவதற்குள் முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். "இன்னும் அன்பாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் அது நடக்காது.

எந்த மொழிபெயர்ப்பு என்று கேட்பார்கள். பழைய மொழிபெயர்ப்பு காதில் ஊறிப்போயிருந்தால் அதையே வாசியுங்கள், விளங்கக் கஷ்டமாக இருந்தால் இன்றைய தமிழில் உள்ள திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பை எடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் இன்னும் நல்லது. நம் கையில் தமிழ் வேதம் இருப்பது சும்மா வந்த காரியமல்ல. 1759இல் கொழும்பில் பிலிப் டி மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அச்சானது. பிறகு யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் முழு வேதத்தையும் திருத்தமான தமிழில் கொண்டுவர உழைத்தபோது அவருக்குப் பக்கத்தில் இருந்து உதவியவர் சைவரான ஆறுமுக நாவலர். 1850இல் வந்த அந்த மொழிபெயர்ப்புக்குப் பின்னால் வருடக்கணக்கான வேலை இருக்கிறது. அப்படிக் கிடைத்த புத்தகத்தைப் பல வீடுகளில் கண்ணாடி அலுமாரிக்குள் வடிவாக வைத்திருக்கிறோம். எடுத்து வாசியுங்கள், பக்கம் கசங்கினால் பரவாயில்லை.

ஜெபம்

ஆண்டவர் அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னார். எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தனி அறை கிடைக்காது, அது உண்மை. விடிய ஐந்து மணிக்கு எழும்பினால் கிணற்றடி உங்களுடையது, மாமரத்தடி உங்களுடையது. பக்கத்துச் சைவக் கோயில் ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு கேட்கும், கேட்கட்டும். அயலவர் கடவுளை நினைத்து எழும்பும் நேரத்தில் நீங்களும் எழும்புகிறீர்கள், அதில் எரிச்சல்பட ஒன்றுமில்லை. மாற்கு முதலாம் அதிகாரத்தில் இயேசு அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு வனாந்தரமான ஓர் இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று இருக்கிறது.

ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் சங்கீதத்தை எடுங்கள். 150 இருக்கின்றன, ஒரு நாளைக்கு ஒன்று, அதையே உங்கள் ஜெபமாகச் சொல்லுங்கள். பிறகு கொப்பியின் பின்பக்கத்தில் ஆட்களின் பெயரை எழுதி, அவர்களுக்காக ஒவ்வொருவராகக் கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்காத ஒருவருடைய பெயரும் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். கடைசியாகக் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காமல் இருங்கள். இதுதான் பலருக்குக் கஷ்டம். தோலகட்டியில் செபமாலைத் தாசர்கள் என்ற கத்தோலிக்கத் துறவிகள் மௌனத்தையும் ஜெபத்தையுமே வாழ்க்கையாக எடுத்திருக்கிறார்கள். மருதனார்மடத்தில் கிறிஸ்து சேவா ஆச்சிரமம் இருக்கிறது. எங்களுடைய மண்ணிலேயே இப்படியான இடங்கள் இருக்கும்போது அமைதியாக இருப்பதைப் பற்றி வெளிநாட்டு வீடியோ பார்த்துத்தான் அறிய வேண்டும் என்றில்லை.

குடும்ப ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பத்து நிமிடம் போதும். அப்பா அரை மணித்தியாலம் ஜெபிக்க, பிள்ளைகள் முழங்காலில் நித்திரை தூங்கி விழ, பிறகு அதற்கு ஏச்சும் விழுந்தால், அந்தப் பிள்ளைகள் ஜெபத்தை எதோடு சேர்த்து நினைவில் வைத்திருப்பார்கள்? ஒரு பாட்டு, ஒரு சிறிய வாசிப்பு, வீட்டில் ஆகச் சின்னவர் உட்பட ஆளுக்கொரு வசனத்தில் ஜெபம், கர்த்தருடைய ஜெபம். முடிந்தது.

கூட நடக்க ஒருவர் வேண்டும்

தனியாக வளர்ந்த சீஷர் ஒருவரும் புதிய ஏற்பாட்டில் இல்லை. தீமோத்தேயுவுக்குப் பவுல் இருந்தார், அதற்கு முன்பே பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் இருந்தார்கள். உங்கள் சபையிலும் அப்படியொருவர் இருப்பார். நன்றாகப் பிரசங்கம் செய்கிறவரைத் தேடாதீர்கள். வீட்டில் மனைவி பிள்ளைகள் பயமில்லாமல் கதைக்கிற மனிதரா, அவரிடம் கடன் வாங்கியவர்களும் அவருக்குக் கடன் கொடுத்தவர்களும் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள், சொன்ன இரகசியத்தை வைத்திருக்கிறவரா என்று பாருங்கள். மாதத்துக்கு ஒரு தரம் ஒரு தேத்தண்ணியோடு இருந்து கதைத்தால் போதும். எதை வாசிக்கிறேன், எதில் விழுகிறேன், யாரோடு கோபம். இந்த மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் வயதில் மூத்த ஒரு பெண்ணிடம் போவது நல்லது, தீத்துவுக்கு எழுதிய நிருபத்திலேயே பவுல் அப்படித்தான் சொல்கிறார்.

உங்கள் சபையிலோ வீட்டிலோ ஓர் ஆச்சி இருந்தால் அவரிடம் 1995 ஒக்டோபர் 30 இரவைப் பற்றிக் கேளுங்கள். போருக்குப் பயந்து வலிகாமத்திலிருந்து தென்மராட்சிப் பக்கம் சனம் முழுக்க இடம்பெயர்ந்து நடந்த அந்த இரவில் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போனீர்கள், வழியில் எப்படி ஜெபித்தீர்கள், ஜெபிக்க முடியாமல் போனதா என்று கேளுங்கள். கேட்டால் பலர் சொல்வார்கள், ஆறுதலாகச் சொல்வார்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். போதகரோ தலைவரோ ஜெப ஊழியரோ யாராக இருந்தாலும், "வீட்டில் சொல்லாதே" என்றால், காசை அல்லது நகையைத் தன் கையில் தரச் சொன்னால், உங்கள் படிப்பையும் கல்யாணத்தையும் தான் தீர்மானிக்கப் பார்த்தால், டொக்டர் தந்த மருந்தை நிறுத்தச் சொன்னால், அந்த இடத்தை விட்டு விலகுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். அது சீஷத்துவம் அல்ல.

வேலிக்கு அந்தப் பக்கம்

இதைப் பற்றிக் கொஞ்சம் கூடவே எழுத வேண்டும், ஏனென்றால் யாழ்ப்பாணத்தில் சீஷத்துவம் முட்டி நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். நீ பலிபீடத்தில் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்கிறார். எங்களிடம் எத்தனை குடும்பங்கள் ஒரே கோயிலில், ஒரே திருவிருந்தில், ஆனால் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை! எல்லை வேலி அரை அடி தள்ளிப் போட்டது, பொதுக் கிணற்றுப் பங்கு, தாய் தகப்பன் எழுதிய காணி உறுதி, கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்டது. சிலர் என்ன காரணம் என்பதையே மறந்துவிட்டார்கள், கோபம் மட்டும் பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது.

எப்படிப் போவது? நீங்களே போங்கள், மாமாவையோ போதகரையோ முதலில் அனுப்பாதீர்கள். கல்யாண வீடு, செத்தவீடு, கோயில் வாசல், இந்த இடங்களைத் தவிருங்கள், ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவரும் மனம் திறக்க மாட்டார்கள். பின்னேரம், வேலை முடிந்து ஆறியிருக்கும் நேரம் பாருங்கள். வேதப்புத்தகத்தைக் கையில் கொண்டு போகாதீர்கள், அது அவருக்குப் பிரசங்கமாகத் தெரியும். படலையில் நின்று கூப்பிட்டு, உங்கள் பக்கத்துப் பிழையை மட்டும் சொல்லுங்கள்: "அன்றைக்கு நான் அப்படிக் கதைத்தது பிழை, மன்னியுங்கோ." அதற்குப் பிறகு "ஆனால் நீங்களும்" என்று தொடங்கினால் போனதெல்லாம் வீண். அவர் பக்கத்தில் பிழை இருந்தால் அவர் அதை யோசிப்பார், யோசிக்காவிட்டால் அது அவருடைய பாடு. காணிப் பிரச்சினை உண்மையிலேயே இருந்தால் அதைச் சட்டப்படி தீர்க்கலாம், நில அளவையாளரைக் கூப்பிடலாம், மத்தியஸ்த சபைக்குப் போகலாம், அதில் பாவமில்லை. எல்லைக் கல் எங்கே என்பது ஒரு விடயம், வழியில் கண்டால் "எப்படி இருக்கிறீங்கள்" என்று கேட்பது இன்னொரு விடயம். முதலாவது முடியும்வரை இரண்டாவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. படலையே திறக்கவில்லையா, திரும்பி வாருங்கள். அடுத்த கிழமை ரோட்டில் கண்டால் தலையாட்டுங்கள். சில கோபங்கள் வருடங்கள் எடுக்கும்.

இது சாதாரண மனக்கசப்புகளுக்குத்தான். அடிக்கிற கணவரிடம், பிள்ளைக்குக் கெடுதல் செய்தவரிடம் தனியாகப் போய் ஒப்புரவாகச் சொல்லி ஒருவரையும் அனுப்பக் கூடாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு.

போரில் பிள்ளையைப் பறிகொடுத்த, காணாமலாக்கப்பட்ட மகனை இன்றுவரை தேடும் ஒரு தாயிடம் போய் "மன்னித்துவிடுங்கள் அம்மா" என்று புத்தி சொல்லவும் வேண்டாம். அது நாங்கள் சொல்லக்கூடிய வார்த்தையல்ல. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் இல்லை. அப்படியான ஜெபத்துக்கும் வேதத்தில் இடம் வைத்த கடவுள் அந்தத் தாயின் அழுகையைக் கேட்கிறார். பக்கத்தில் இருங்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், அவர் நீதி கேட்டு நிற்கும் இடத்தில் கூட நில்லுங்கள். நீதி கேட்பது மன்னிப்புக்கு எதிரானதல்ல.

சாதி, சீதனம், காசு

யாக்கோபு 2ஆம் அதிகாரத்தில் பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்கு நிற்க இடமும் கொடுக்கும் சபை ஒன்றைப் பற்றி வாசிக்கிறோம். அது எங்களைப் பற்றித்தான். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று ஞாயிறு பாடிவிட்டு, மகனுக்குப் பெண் பார்க்கும்போது முதல் கேள்வியாகச் சாதியைக் கேட்டால், பாடியது எங்கே போனது? 1920களில் யாழ்ப்பாணத்து இளைஞர்கள், கிறிஸ்தவரும் சைவருமாக, வாலிபர் காங்கிரஸில் சேர்ந்து சம ஆசனம், சமபந்தி என்று குரல் கொடுத்தார்கள். நூறு வருடமாகிறது, இன்னும் எங்களுக்குள் அந்தக் கதை முடியவில்லை. எனக்கு இதில் மனவருத்தம் அதிகம். செய்ய வேண்டியது இது: யார் வீட்டில் இதுவரை தண்ணி குடிக்கவில்லையோ அந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள், அவர்களை உங்கள் வீட்டு மேசைக்குக் கூப்பிடுங்கள். மகன் இருந்தால் சீதனம் வாங்க மாட்டோம் என்று இப்போதே வீட்டில் கதைத்து முடிவெடுங்கள், தரகர் வந்து இருக்கும் நாளில் அந்தத் துணிவு வராது.

காசு விடயம் சுருக்கமாக. தோட்டத்தில், வீட்டு வேலையில் நின்றவருக்கு அன்றைய கூலியை அன்றே கொடுங்கள், லேவியராகமம் 19 அதைத்தான் சொல்கிறது. சகேயு இயேசுவைச் சந்தித்தபோது முதலில் கணக்குத்தான் பார்த்தான்: அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாய்த் திரும்பிப் போனது. சீட்டுக்காசு, கைமாற்று, யாருக்காவது கொடுக்காமல் இழுத்தடித்தது இருந்தால் இந்த மாதம் அதைத் தொடங்குங்கள். வெளிநாட்டிலிருந்து காசு வருகிற வீடுகளுக்கு ஒன்று, கோயிலுக்குப் பெரிய தொகை கொடுத்துக் கல்லில் பெயர் வெட்டுவதைவிட, பள்ளிக்கூடக் கொப்பி வாங்க வழியில்லாத பிள்ளை ஒன்றுக்குப் பெயர் சொல்லாமல் உதவுவது மேல் என்பது என் எண்ணம்.

வேலையும் சபையும்

1848இல் மானிப்பாயில் வைத்தியம் தொடங்கிய அமெரிக்க மிஷனரி டொக்டர் கிறீன் தமிழ் படித்து, மருத்துவ நூல்களைத் தமிழில் மொழிபெயர்த்து, எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். வேலையைச் சரியாகச் செய்ததுதான் அவருடைய சாட்சி. ஆசிரியராக இருந்தால் வகுப்பில் முழுதாகப் படிப்பியுங்கள், முக்கியமான பாடத்தை டியூஷனுக்கு என்று மிச்சம் பிடிக்காதீர்கள். கந்தோரில் இருந்தால் கிராமத்திலிருந்து வந்த ஐயாவை மூன்று தரம் அலைக்கழிக்காமல் ஒரே நாளில் அனுப்புங்கள்.

சபையை அடிக்கடி மாற்றாதீர்கள். பாட்டு நல்லது, பிரசங்கம் சரியில்லை என்று திரிகிறவருக்கு, பிடிக்காதவரோடு ஒரே வாங்கில் இருந்து பழகும் பாடம் கிடைப்பதே இல்லை. ஒருவரும் பார்க்காத ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். இங்கே மிகவும் தேவையானது, பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களைப் போய்ப் பார்ப்பது. ஞாயிறு பின்னேரம் போங்கள், ஒரு சங்கீதம் வாசியுங்கள், கிளினிக் திகதி எப்போது என்று கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். பேரப்பிள்ளையின் முகத்தை வட்ஸ்அப்பில் காட்டிவிட்டு வாருங்கள்.

வறட்சி வரும்போது

வரும். ஜெபம் காய்ந்துபோகும், வேதம் வெறும் எழுத்தாகத் தெரியும், கோயிலில் மனம் ஒட்டாது. பயப்படாதீர்கள். யோவான் 15இல் ஆண்டவர், கனிகொடுக்கிற கொடியையே பிதா சுத்தம்பண்ணுகிறார் என்கிறார். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் முந்திரிகை (திராட்சை)த் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் கேட்டால் இந்த வசனம் இன்னும் விளங்கும். பந்தல் நிறையப் படர்ந்த கொடியைக் கவாத்துப் பண்ணி விட்டால் பந்தல் மொட்டையாக நிற்கும், பழக்கமில்லாதவர் பட்டுப்போய்விட்டது என்று நினைப்பார். வெட்டாமல் விட்டால் இலை அடர்ந்து கிடக்கும், குலை வராது. புதிதாக வெடிக்கிற தளிரில்தான் பூ வரும். உங்களிடமிருந்து எதுவோ வெட்டப்படுகிறது என்றால், ஒரு பதவி, ஒரு நட்பு, ஆட்கள் பாராட்டியது, அது எது என்று உங்கள் கூட நடப்பவரிடம் கதையுங்கள். அந்த நாட்களில் புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம். ஒரு சங்கீதம், கர்த்தருடைய ஜெபம், ஞாயிறு ஆராதனை, இந்த மூன்றையும் மட்டும் விடாமல் பிடியுங்கள். சோகம் கிழமைக்கணக்கில் நீண்டு, நித்திரையும் சாப்பாடும் போய், வாழவே பிடிக்கவில்லை என்ற நினைவு வந்தால் டொக்டரிடம் உடனே போங்கள். விசுவாசம் குறைந்ததால் வந்த வருத்தம் என்று அதைச் சொல்லுகிறவரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

பல பேர் நின்றுபோவது வாசிப்பை இடையில் விட்டுவிட்டு, விட்டதையெல்லாம் சேர்த்து வாசித்து முடிக்கப் பார்த்து, முடியாமல் வெட்கப்படுவதால்தான். அப்படிச் செய்ய வேண்டாம். இரண்டு மாதம் விடுபட்டதா, கொப்பியில் இன்றைய திகதியைப் போட்டு, மாற்குவில் நிறுத்திய இடத்துக்கு அடுத்த சம்பவத்தை நாளை விடிய வாசியுங்கள்.